தொட்டியில் பூத்து முடிந்த டியூலிப், டாஃபடில் அடுத்த ஆண்டும் பூக்குமா?

லண்டனில் மூன்றாவது மாடி பால்கனி. போன அக்டோபரில் டாஃபடில், டியூலிப், ஹயசிந்த் மூன்றையும் மூன்று தொட்டிகளில் நட்டிருக்கிறீர்கள். மார்ச்சிலும் ஏப்ரலிலும் நன்றாகப் பூத்திருக்கின்றன. இப்போது மே மாதம், பூவெல்லாம் போய் இலை மட்டும் சாய்ந்து கிடக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை, இலையை வெட்டிவிட்டுக் கிழங்கைத் தோண்டி எடுத்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி இலையைப் பற்றி இருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு என்று படுகிறது. காசு கொடுத்து வாங்கிய கிழங்கு ஒரு தடவைக்குத்தானா, இல்லை, பார்த்துக்கொண்டால் திரும்பவும் பூக்குமா?

டாஃபடில் பூக்கும். ஹயசிந்த் பூக்கும், ஆனால் இளைத்துப்போய்ப் பூக்கும். டியூலிப் பெரும்பாலும் ஏமாற்றும். இலையை இன்றைக்கே வெட்டினால் மூன்றையுமே மறந்துவிட வேண்டியதுதான். தென் இங்கிலாந்தில் ஒரு நர்சரியில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஒவ்வொரு வசந்தத்திலும் யாராவது ஒருவர், "போன வருஷம் உங்களிடம்தான் வாங்கினேன், இந்த வருஷம் வெறும் இலைதான் வந்திருக்கிறது" என்று வந்து நிற்பார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், பல்ப் வாங்கியவர்கள் உண்மையிலேயே பல்ப் வாங்கிய கதை. விசாரித்தால், கிழங்கின் மேல் தப்பே இருக்காது. பூ முடிந்த பிறகு தொட்டியைப் பால்கனி மூலையில் தள்ளி, தண்ணீரை நிறுத்தியிருப்பார்கள்.

ஏன் அப்படி ஆகிறது என்பதற்குக் கிழங்கின் உள்ளே பார்க்க வேண்டும். கிழங்கு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, இவை மரவள்ளி, கருணை மாதிரி கிடையாது. வெங்காயம் மாதிரி. வெங்காயத்தை நெடுக்காக இரண்டாக வெட்டிப் பாருங்கள். அடியில் தட்டையாக ஒரு வட்டு, அதன்மேல் அடுக்கடுக்காகச் சதைப்பற்றான செதில்கள், நடுவில் ஒரு முளை. செதில் முழுக்கச் சேமித்த உணவு. நான் நர்சரியில் சேர்ந்த முதல் அக்டோபரில், அங்கே இருந்த மூத்த தோட்டக்காரர் ஒரு டியூலிப் கிழங்கைப் பேனாக்கத்தியால் நெடுக்காக வகுந்து என் கையில் கொடுத்தார். நடு முளைக்குள் வெளிர்பச்சையாகக் குட்டியூண்டு ஒரு பூ உட்கார்ந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஆறு இதழ், ஆறு மகரந்தத் தண்டு, நடுவே மூன்று பக்கமாகப் பிரிந்த சூலகம், எல்லாவற்றையும் எண்ண முடிந்தது. மண்ணுக்குள் போவதற்கு முன்பே ஏப்ரல் பூ தயார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. நாம் அக்டோபரில் வாங்கும்போது பாதி வேலை முடிந்திருக்கிறது. அந்தப் பாதியை இந்த முறை நீங்களே செய்து முடிக்க வேண்டும்.

டாஃபடிலில் அடுத்த ஆண்டுப் பூ கிட்டத்தட்ட இப்போதே, இலை பச்சையாக இருக்கும்போதே கிழங்குக்குள் உருவாகத் தொடங்குகிறது. டியூலிப்பிலும் ஹயசிந்திலும் இலை காய்ந்த பிறகு, கோடையில், கிழங்கு சும்மா கிடக்கும்போது உருவாகிறது. எதுவானாலும் அந்தப் பூவைக் கட்டத் தேவையான சரக்கை இலைதான் வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்புகிறது. பூ முடிந்ததிலிருந்து இலை மஞ்சளாகும் வரைதான் அதற்கு அவகாசம். இங்கிலாந்தின் ராயல் ஹார்டிகல்சுரல் சொசைட்டி குறைந்தது ஆறு வாரமாவது இலையைத் தொடாமல் விடச் சொல்கிறது. என் அனுபவத்தில் தொட்டியில் அதுவே ரொம்பக் குறைந்த கணக்கு. நான் வாரத்தை எண்ணுவதில்லை. இலையைப் பிடித்து லேசாக இழுத்தால் கையோடு வர வேண்டும், அதுவரை விட்டுவிடுவேன்.

தரையில் நட்டவர்களுக்கு இந்த ஆறு வாரத்தில் செய்ய எதுவும் இல்லை. தொட்டிக்காரர்களுக்கு நிறைய இருக்கிறது. தரையில் வேர் தேடிப் போகும், தொட்டியில் எங்கே போகும்? பூத்து முடிக்கும்போது தொட்டி மண்ணில் சத்து அநேகமாகத் தீர்ந்திருக்கும். அதனால் முதலில் வாடிய பூவை, அதன் கீழே திரளும் விதைக்காயோடு சேர்த்துக் கிள்ளிவிடுங்கள், விதைக்குப் போகிற உணவு கிழங்குக்குப் போகும். பச்சையாக இருக்கும் தண்டை வெட்ட வேண்டாம், அதுவும் இலை செய்கிற வேலையைச் செய்கிறது. மண்ணில் விரலை முதல் கணு வரை விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் தண்ணீர். பத்து நாளைக்கு ஒருமுறை, தக்காளிச் செடிக்கென்று விற்கும் திரவ உரத்தைப் புட்டியில் போட்டிருக்கும் அளவில் கலந்து ஊற்றுங்கள். அதில் சாம்பல் சத்து தூக்கலாக இருக்கும், கிழங்குக்கு அதுதான் வேண்டும். புல்லுக்குப் போடுகிற தழைச்சத்து உரத்தைப் போட்டால் இலைதான் கொழுக்கும். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் உரத்தை நிறுத்திவிடலாம்.

பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சிலர் இலைகளைச் சேர்த்துக் கொண்டை மாதிரி முடிச்சுப் போடுவார்கள், ரப்பர் பேண்ட் மாட்டுவார்கள். இங்கே வயதானவர்களின் தோட்டங்களில் இன்னும் பார்க்கலாம். வேண்டாம். சுருட்டிய இலைக்கு வெயில் சரியாகக் கிடைக்காது. தொட்டியின் வசதியே தூக்கி வைக்கலாம் என்பதுதானே. வெயில் படுகிற, ஆனால் உங்கள் ஜன்னலிலிருந்து தெரியாத இடத்துக்கு நகர்த்திவிட்டு, முன்னால் வேறு தொட்டியை வையுங்கள்.

சரி, டியூலிப்புக்கு வருவோம். நாம் ஊரில் பார்த்த காந்தள் கிழங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஈழத்தவர்கள் கார்த்திகைப் பூ என்பார்கள். ஒரு பருவம் பூத்ததும் பழைய கிழங்கு சுருங்கிப் போகும், பக்கத்தில் புதுக் கிழங்கு வந்திருக்கும். டியூலிப்பும் அப்படித்தான். இந்த ஏப்ரலில் பூத்த கிழங்கு இனி இல்லை, தன்னையே முழுக்கச் செலவழித்துவிட்டது. அதன் இடத்தில் ஒன்று கொஞ்சம் பெரிதாகவும், இரண்டு மூன்று சிறிதாகவும் குட்டிகள் இருக்கும். ஜூன் கடைசியில் தோண்டும்போது கவனித்துப் பாருங்கள். காய்ந்த பூத்தண்டு புதுக் கிழங்கின் உச்சியிலிருந்து வராது, அதன் தட்டையான பக்கத்தை ஒட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் நட்டது அந்தத் தண்டைச் சுற்றி வெறும் பழுப்புத் தோலாகக் கிடக்கும்.

குட்டிகள் அளவில் தேறுமா என்பதுதான் சிக்கல். டியூலிப் கிழங்கை வியாபாரத்தில் சுற்றளவு பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். 12 செ.மீ.க்கு மேல் இருந்தால் முதல் தரம். 7, 8 செ.மீ. உள்ளவை பெரும்பாலும் அகலமான ஒற்றை இலையை விட்டுவிட்டு அதோடு நின்றுவிடும். ஒற்றை இலை தெரிந்தால் அந்த ஆண்டு அதில் பூ கிடையாது என்று அப்போதே முடிவு கட்டிவிடலாம். நெதர்லாந்தில் கிழங்குக்காகவே பயிர் செய்பவர்கள், பூத்ததும் நிறமும் கலப்பும் சரிபார்த்துவிட்டு, வயல் முழுக்கப் பூக்களின் தலையை இயந்திரத்தால் கொய்து தள்ளிவிடுகிறார்கள். நேற்று வரை படம் எடுத்த சுற்றுலாப் பயணிகளுக்கு மறுநாள் வெறும் பச்சை வயல். பூவின் அழகுக்காக ஒரு நாள் கூடுதலாக விட்டாலும் கிழங்கு எடை குறையும் என்பது அவர்கள் கணக்கு. நாமோ கடைசி இதழ் உதிரும் வரை ரசித்துவிட்டு, கையளவு மண்ணில் அதே கிழங்கை எதிர்பார்க்கிறோம்.

இன்னொரு காரணம் பருவநிலை. டியூலிப்பின் பூர்வீகம் நடு ஆசியாவின் தியான்ஷான், பாமிர் மலைப்பக்கம். குளிர்காலம் கடுமையாக இருக்கும், கோடை சூடாக, காய்ந்து இருக்கும். லண்டன் கோடை அப்படி இல்லையே, ஜூலையில் ஒரு வாரம் மழை பெய்தாலே ஈரத் தொட்டிக்குள் கிழங்கு அழுகத் தொடங்கும். மேல் மாடியின் தளம் உங்கள் பால்கனிக்குக் கூரையாக இருக்கிறதென்றால் உங்களுக்கு அது ஒரு வரம், தொட்டியைச் சுவரோரம் நனையாமல் வைத்துவிடலாம்.

எல்லா டியூலிப்பும் ஒன்றுபோல இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டார்வின் ஹைப்ரிட் என்ற வகை, குறிப்பாக அப்பெல்டோர்ன் என்ற சிவப்பு, இரண்டு மூன்று ஆண்டு தாக்குப்பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். காட்டு டியூலிப் என்று விற்கும் குட்டை ரகங்கள் இன்னும் நம்பகமானவை: டார்டா, பிரெஸ்டன்ஸ், அப்புறம் கிளூசியானா. 1590களில் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் டியூலிப் வளர்த்த கரோலஸ் கிளூசியஸின் பெயரைத்தான் இந்தக் கடைசி ரகத்துக்கு வைத்திருக்கிறார்கள். இவை தொட்டியிலேயே பெருகக்கூடும். கடையில் கண்ணைப் பறிக்கும் அடுக்கிதழ், கிளிமூக்கு ரகங்களை ஓர் ஆண்டுப் பூ என்றே கணக்கு வையுங்கள். ஆழமாக நட்டால் டியூலிப் குட்டிகளாகப் பிரியாமல் திரும்பி வரும் என்று பலர் சொல்வார்கள். தரையில் எனக்குச் சில தடவை பலித்தது, சில தடவை பலிக்கவில்லை. தொட்டியில் அந்த அளவு ஆழத்துக்கு இடமே இல்லை. எலும்புத்தூள் போடுவதும் அப்படித்தான். நான் பல ஆண்டு போட்டேன், பிறகு நிறுத்தினேன், வித்தியாசம் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

உங்கள் டியூலிப்பை முயன்று பார்க்க ஆசையென்றால், இலை முழுக்கக் காய்ந்ததும் தொட்டியைச் சாய்த்துக் கொட்டுங்கள். கையால் தடவி மண்ணை உதிர்த்து, அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். மெத்தென்று இருப்பது, பூசணம் பிடித்தது, புளித்த வாடை வருவது எல்லாம் குப்பைக்கு. பெரியதாக இருப்பவற்றை மட்டும் வெங்காயம் வருகிற வலைப்பையிலோ காகிதப்பையிலோ போட்டு, வீட்டுக்குள் காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். முதல் ஆண்டில் நான் பெருமையாக முப்பது கிழங்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஷெட்டில் வைத்தேன். செப்டம்பரில் திறந்தபோது பையின் உள்புறம் முழுக்க வியர்த்து, நீலப் பூசணத்தில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பழக்கூடை பக்கத்திலும் வைக்காதீர்கள். ஆப்பிளும் வாழைப்பழமும் பழுக்கும்போது விடுகிற எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, வசந்தத்தில்தான் தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதைச் சொல்லாமல் மேலே போக மாட்டேன். நம் வீடுகளில் சின்ன வெங்காயம் எப்போதும் ஒரு கூடையில் கிடக்கும். மஸ்காரி என்ற சிறு நீலப் பூச்செடியின் கிழங்கு அச்சு அசல் சின்ன வெங்காயம், டாஃபடில் கிழங்கு பெரிய வெங்காயம். டாஃபடிலில் லைகோரின் என்ற நச்சு இருக்கிறது, சாப்பிட்டால் கடுமையான வாந்தி வரும். 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, டாஃபடிலைக் காய்கறிகளின் பக்கத்தில் வைத்து விற்க வேண்டாம் என்று சூப்பர் மார்க்கெட்டுகளைக் கேட்டுக்கொண்டது. எடுத்து வைத்த கிழங்கு எதுவும் சமையலறைக்குள் வரக் கூடாது. ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்திருக்கும் கோடையில் முக்கியமாக.

டாஃபடில் விஷயம் எளிது. அதன் கிழங்கு ஆண்டுதோறும் தன்னை அழித்துக்கொள்ளாது. உள்ளிருந்து புதுச் செதில் வர வர, வெளிச்செதில் சில ஆண்டுகள் கழித்துத் தோலாகிப் போகும். அதனால் தோண்ட வேண்டிய அவசியமே இல்லை, தொட்டியிலேயே விடலாம். ஆனால் ஒரு தப்பு எல்லோரும் செய்வார்கள். இலை காய்ந்ததும் தொட்டி செத்துவிட்டது என்று நினைத்து நவம்பர் வரை தண்ணீர் காட்ட மாட்டார்கள். டாஃபடில் ஆகஸ்ட் கடைசியிலேயே மண்ணுக்குள் புது வேர் விடத் தொடங்கிவிடும். செப்டம்பர் முதல் மண்ணை ஈரமாக வைத்திருங்கள். உங்கள் பால்கனிக்குக் கூரை இருந்தால் மழை காப்பாற்றாது, நீங்கள்தான் ஊற்ற வேண்டும். மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்போஸ்ட், அதாவது தொட்டிக்கென்று விற்கும் மண்கலவை, போட்டால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று ஆண்டில் தொட்டி நிறைந்துவிடும். கூட்டம் கூடினால் இலை மண்டும், பூ குறையும். அப்போது கோடையில் கொட்டிப் பிரித்து நடுங்கள். இடம் போதாதவர்களுக்கு டேட்-அ-டேட் என்ற குட்டை டாஃபடிலைத்தான் சொல்வேன். கார்ன்வாலில் அலெக் கிரே என்பவர் உருவாக்கியது, சாண் உயரம்தான், தொட்டியில் ஆண்டுக்கணக்கில் சலிக்காமல் பூக்கிறது.

எல்லாம் சரியாகச் செய்தும் டாஃபடில் பூக்கவில்லை என்றால், ஒன்றைத் தோண்டிக் கழுத்தை அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் உள்ளே பெரும்பாலும் கொழுத்த புழு ஒன்று இருக்கும். வண்டுத்தேனீ மாதிரி உருவமுள்ள ஓர் ஈ, மே ஜூனில் காய்கிற இலையின் அடியில் முட்டையிடுவதால் வருவது. மருந்து தேடி அலைய வேண்டாம், அந்தக் கிழங்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஹயசிந்தும் தொட்டியிலேயே இருக்கலாம். இந்த ஆண்டு கதிர் முழுக்க நெருக்கமாக இருந்த பூ, அடுத்த ஆண்டு இடைவெளி விட்டு ஏழெட்டு மணியாக நிற்கும். எனக்கு அந்தத் தோற்றம்தான் பிடிக்கும், வாசனையில் குறைவிருக்காது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குள் பூக்கவென்று தயார் செய்து விற்கும் ஹயசிந்த் என்றால், அதை மறுபடி வீட்டுக்குள் பூக்க வைக்கப் பாடுபடாதீர்கள், வெளியே தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். மஸ்காரி, அதேபோலச் சிறிய கிழங்கான குரோக்கஸ் பற்றிக் கவலையே வேண்டாம். மஸ்காரியை வேண்டாம் என்றாலும் போகாது.

நடும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். தொட்டி ஓர் அடியாவது ஆழம் இருக்கட்டும், அடியில் துளை அடைபடாமல் தொட்டியைச் சிறு கட்டைகள்மேல் தூக்கி வையுங்கள். கம்போஸ்ட் மூன்று பங்குக்குப் பொடிக்கல் ஒரு பங்கு. கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம். டாஃபடிலைச் செப்டம்பரில் நடலாம், டியூலிப் நவம்பர் வரை காத்திருக்கட்டும். டியூலிப் தீ என்று இங்கே சொல்கிற பூசண நோய், இலை தீய்ந்து முறுக்கிக்கொள்வது, குளிர் வந்த பிறகு நட்டால் குறைகிறது. டியூலிப் வளர்ந்த மண்ணில் மறுபடி டியூலிப் வேண்டாம், அதை வேறு செடிக்குக் கொடுங்கள். மேலே கம்பிவலை போட மறக்காதீர்கள். மூன்றாவது மாடிக்கும் அணில் வரும். டியூலிப்பையும் குரோக்கஸையும் தோண்டித் தின்னும், டாஃபடிலைத் தொடாது.

குளிரைப் பற்றி ஒன்று. இந்தக் கிழங்குகள் சுமார் 12 முதல் 16 வாரம் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கிடந்தால்தான் தண்டு நீண்டு பூ வெளியே வரும். அதனால் தொட்டியைக் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் எடுக்காதீர்கள். லண்டன் குளிர் போதும், அதிகமும் இல்லை. நான் சொன்னதெல்லாம் தென் இங்கிலாந்து அனுபவம். டொரொண்டோவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு அப்படியே பொருந்தாது. அங்கே தொட்டி மண் முழுக்க உறைந்து கிழங்கு செத்துவிடும் என்பதால் சூடேற்றாத கராஜுக்குள் நகர்த்த வேண்டும். எவ்வளவு நாள், எப்போது வெளியே என்பதை உங்கள் ஊரில் வளர்ப்பவரிடமே கேளுங்கள். ஊருக்குக் கொண்டுபோய் நட ஆசைப்படுபவர்களுக்கும் இதே குளிர்க் கணக்குதான் குறுக்கே நிற்கிறது. ஸ்ரீநகரில் இருக்கும் டியூலிப் தோட்டம் நடப்பதற்குக் காரணம் அங்கே பனிக்காலம் இருப்பது. மதுரையில் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு தடவை பூக்க வைத்துவிடலாம், ஆனால் அந்த வெயிலில் இலை நின்று அடுத்த கிழங்கைக் கொழுக்க வைக்காது.

உங்கள் மூன்று தொட்டிக்கு நான் செய்வதாக இருந்தால், இன்று மாலையே வாடிய பூக்களைக் கிள்ளிவிட்டு முதல் தவணை உரம் ஊற்றுவேன். டாஃபடிலும் ஹயசிந்தும் அதே தொட்டியில் இருக்கட்டும். டியூலிப்பை ஜூன் கடைசியில் எடுத்து, பெரியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, நவம்பரில் அவற்றோடு புதுசாகப் பத்துக் கிழங்கும் வாங்கி நடுவேன். எது பழசு எது புதுசு என்று தெரிய நடுவே ஒரு ஐஸ் குச்சியைச் செருகி வையுங்கள். ஹயசிந்த் கிழங்கைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அதன் தோல் கையில் பட்டால் அரை மணி நேரம் அரிக்கும்.